தீக்காயமும் எலும்பு மஜ்ஜையும்: ரத்த ரிப்போர்ட்டை நாள்வாரியாகப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

ஓமலூர்ப் பக்கம் ஒரு கரும்பாலையில் கொப்பரைப் பாகு கொட்டி, வேலை செய்துகொண்டிருந்தவருக்கு இரண்டு கைகளும் மார்பும் வெந்துபோயின. வெந்நீர் பட்டால் வழிந்துவிடும். பாகு வழியாது, ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். அவர் மனைவி ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தார். தினமும் நான் வேலை பார்க்கும் லேபுக்கு வந்து, ரிப்போர்ட்டில் இருக்கும் எண்களை அதில் எழுதிக்கொள்வார். முதல் நாள் வெள்ளை அணு 19,400. மூன்றாம் நாள் 11,200. ஐந்தாம் நாள் 3,300. அன்றைக்குத்தான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"நல்லா இறங்கிடுச்சுங்களேண்ணா, கிருமி போயிருச்சுங்களா?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் கணவரின் ரத்த ஸ்மியரை, அதாவது கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகத் தேய்த்த ரத்தச் சொட்டை, அப்போதுதான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடித்திருந்தேன். எண் இறங்கியது உண்மைதான். ஆனால் கிருமி போனதால் இறங்கவில்லை, ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை ஈடுகொடுக்க முடியாமல் திணறியதால் இறங்கியிருந்தது.

சேலத்தில் இருபத்திரண்டு வருடமாக லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். தீக்காயம் என்றால் எல்லோர் கண்ணும் தோலில்தான் இருக்கும். அதே நேரத்தில் இடுப்பெலும்புக்குள்ளும் மார்பெலும்புக்குள்ளும் ஒரு போராட்டம் நடக்கிறது. அதை வெளியே வந்து சொல்வது ரத்தம் மட்டுமே. ஒரு நாள் ரிப்போர்ட்டை வைத்து அதைப் புரிந்துகொள்ள முடியாது. வரிசையாகப் பத்து நாள் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் புரியும். நோயாளிக்குத் துணையிருக்கும் வீட்டாருக்கும், நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கவே இதை எழுதுகிறேன். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை. என்ன கேள்வி கேட்பது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நம் வேலை.

படி 1: முதல் இருபது நிமிடம்

தீயோ வெந்நீரோ பட்டதும், குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிட்டு அதில் காட்ட வேண்டும். உடனே முடியாமல் போனாலும், மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்குள் கழற்றிவிடுங்கள். பிறகு சுத்தமான பருத்தித் துணியால் மூடி, 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஏற்காட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மார்கழியில் மலைத் தண்ணீர் பல்லைக் கிட்ட வைக்கும். காயத்தில் மட்டும் தண்ணீர் ஓடட்டும். மற்ற உடம்பைக் கம்பளியால் போர்த்துங்கள். உடம்பு விறைத்துப் போனால் குழந்தைக்கு அதுவே இன்னொரு ஆபத்து. நாகலூர்ப் பக்கத்துக் குழந்தை ஒன்றைக் கீழே கொண்டுவந்தபோது, தொடை முழுக்கக் காப்பித்தூள் அப்பியிருந்தது. பாட்டி பாசத்தில் செய்தது, அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வெந்த தோலிலிருந்து அந்தத் தூளைத் தேய்த்து எடுக்கும்போது குழந்தை அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது. காப்பித்தூள், பேனா மை, பற்பசை, இட்லி மாவு, மஞ்சள் என எதுவும் வேண்டாம். ஏற்காட்டிலிருந்து இறங்க 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. கிளம்புவதற்கு முன்பே தண்ணீர் வைத்தியத்தை முடித்துவிடுங்கள்.

இதற்கும் மஜ்ஜைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். செத்துப்போன தோல் எவ்வளவு ஆழம், எவ்வளவு பரப்பு என்பதைப் பொறுத்துத்தான் மஜ்ஜைக்கு விழும் அடியும் இருக்கிறது. குளிரவைக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த ஆழத்தைக் குறைக்கிறது.

படி 2: எவ்வளவு வெந்திருக்கிறது?

பெரியவர்களுக்கு ஒன்பதின் கணக்கு இருக்கிறது. தலை 9 சதவீதம், ஒரு கை 9, மார்பும் வயிறும் சேர்ந்து 18, முதுகு 18, ஒரு கால் 18, பிறப்புறுப்பு 1. சிதறலான காயமென்றால் நோயாளியின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த அளவை 1 சதவீதம் என்று வைத்து எண்ணலாம். குழந்தைக்குத் தலை பெரிது, கால் சிறிது என்பதால் கணக்கு வேறு.

நம் கரும்பாலைக்காரருக்கு இரண்டு கைகளின் முன்பக்கம் நாலரையும் நாலரையும், மார்பு 9. மொத்தம் 18. இந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். பின்னால் வரும் எல்லா எண்ணுக்கும் இதுதான் அடிப்படை.

படி 3: சாதாரண நாளில் மஜ்ஜை என்ன செய்கிறது?

வளர்ந்த ஒருவரின் மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோபில்களை உண்டாக்குகிறது. சிவப்பு அணுக்கள் அதைப்போல் இரண்டு மடங்கு. இவ்வளவும் கொஞ்சமே இருக்கும் ஸ்டெம் செல்கள் என்ற தாய்ச் செல்களிலிருந்து கிளைவிட்டு வருகின்றன. ஒரு கிளை சிவப்பு அணுவுக்கு, ஒன்று ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவுக்கு, ஒன்று கிருமியை நினைவில் வைக்கும் லிம்போசைட்டுக்கு. இன்னொரு கிளை கொஞ்ச தூரம் போய் இரண்டாகப் பிரிந்து, ஒரு பக்கம் நியூட்ரோபிலாகவும் மறுபக்கம் மோனோசைட்டாகவும் ஆகிறது. இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் படியில் இதுதான் கதையே.

நியூட்ரோபில் என்பது கிருமியை நேரே விழுங்கிக் கொல்லும் அணு. ரத்தத்தில் அதன் ஆயுள் ஒரு நாள்கூட இல்லை என்றே பல காலமாகக் கணக்கிட்டு வந்திருக்கிறார்கள். அதனால் அன்றாடம் புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும். முழுதாகப் பழுக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். பழுத்தவற்றை மஜ்ஜை உடனே வெளியே விடுவதில்லை, ஒரு பெரும் இருப்பைக் கையில் வைத்திருக்கும். மோனோசைட் ரத்தத்திலிருந்து திசுவுக்குள் போய் மேக்ரோபேஜாக மாறும். செத்ததைத் தின்பதும் புண்ணை ஆற்றுவதும் அதன் வேலை. மற்ற அணுக்களைக் கூப்பிட ரசாயனச் செய்தி அனுப்புவதும் அதுதான்.

சுகமான ஆளுக்கு மொத்த வெள்ளை அணு ஒரு மைக்ரோலிட்டரில் 4,000 முதல் 11,000 வரை. அதில் நியூட்ரோபில் 40 முதல் 70 சதவீதம், லிம்போசைட் 20 முதல் 40 சதவீதம்.

படி 4: முதல் இரண்டு நாள், எண் ஏறும்

வெந்து செத்த செல்கள் உடையும்போது அவற்றின் உள்ளே இருந்தவை ரத்தத்தில் கசிகின்றன. அதில் செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ-வும் உண்டு. மைட்டோகாண்ட்ரியா ஆதியில் பாக்டீரியாவிலிருந்து வந்தது என்பதால், நம் காவல் அணுக்கள் அதைக் கிருமி என்றே எடுத்துக்கொள்கின்றன. ஒரு கிருமிகூட நுழையாத நேரத்திலேயே உடம்பு போருக்குக் கிளம்பிவிடுகிறது. செல்லுக்குச் செல் செய்தி சொல்லும் சைட்டோகைன்கள் பெருகுகின்றன. ஜி-சி.எஸ்.எஃப் என்ற புரதத்தின் மூலம் மஜ்ஜைக்கு ஆணை போகிறது. அதிர்ச்சி நேரத்து ஹார்மோன்களான அட்ரினலினும் கார்டிசாலும் பாய்கின்றன. மஜ்ஜை தன் இருப்பைத் திறந்துவிடுகிறது.

அதனால் முதல் நாள் 15,000, 20,000 என்று எண்ணைப் பார்த்து "இன்ஃபெக்‌ஷன் ஆகிடுச்சா?" என்று பதற வேண்டாம். பெரிய தீக்காயத்தில் அது எதிர்பார்த்ததுதான். அதே நேரம் லிம்போசைட் சதவீதம் குறைந்திருக்கும். கார்டிசாலும் அழற்சியும் சேர்ந்து அவற்றில் நிறையச் செல்களைத் தாமாகவே சாகவைக்கின்றன. உடம்பின் நீண்டகால நினைவுப் படை அங்கேயே மெலிய ஆரம்பிக்கிறது.

எண்ணிக்கை கூடினாலும் திறன் கூடுவதில்லை. பெரிய தீக்காயத்துக்குப் பிறகு நியூட்ரோபில்களுக்குக் கிருமி இருக்கும் திசையைத் தேடி நகரும் ஆற்றல் குறைகிறது என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். வாசலில் நிறையப் பேர் நிற்கிறார்கள், திருடன் எந்தப் பக்கம் ஓடினான் என்று தெரியவில்லை, அந்த நிலைமை.

படி 5: மூன்று முதல் ஐந்து நாள், எண் இறங்கும்

இந்த இடத்தில்தான் வீட்டார் ஏமாறுவார்கள். இறக்கத்துக்குப் பல காரணம் உண்டு.

ஒன்று, முதல் அதிர்ச்சி அடங்கிச் சாதாரண அளவுக்கு வருவது. 19,000 போய் 9,000 ஆனால் நல்லதுதான், மற்றவையும் நன்றாக இருக்கும்வரை. இரண்டு, சில்வர் சல்ஃபாடையசின் களிம்பு. தீக்காயத்துக்குப் பல இடங்களில் தடவும் அந்த வெள்ளைக் களிம்பால் இரண்டு முதல் நான்கு நாளில் வெள்ளை அணு இறங்குவதுண்டு. பெரும்பாலும் களிம்பை நிறுத்தாமலே தானாக ஏறிவிடும். (செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் ஒருவரிடம் "உங்க வெள்ளிதாங்க மருந்து" என்று இதைச் சொன்னபோது வலியோடும் சிரித்தார்.) மூன்றாவது, பயப்பட வேண்டியது: கிருமி புகுந்து, மஜ்ஜையின் இருப்பு தீர்ந்து, புதிது வருவதைவிடச் செலவாவது அதிகமாகிவிட்டது.

இந்த மூன்றையும் மொத்த எண் பிரித்துக் காட்டாது. ஸ்மியர் காட்டும்.

ஊதா மூடிக் குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, இன்னொரு தகட்டைச் சாய்த்துத் தள்ளினால் நாக்கு வடிவில் மெல்லிய படலம் விழும். காய்ந்ததும் லீஷ்மேன் சாயம். பிறகு எண்ணெய் விட்டு நூறாம் லென்சில் பார்க்க வேண்டும். பழுத்த நியூட்ரோபிலின் உட்கரு மூன்று, நான்கு மணிகளை நூலில் கோத்ததுபோல் இருக்கும். பழுக்காததன் உட்கரு லாடம்போல் வளைந்து ஒரே துண்டாக இருக்கும். அதைத்தான் பேண்ட் செல் என்கிறோம். அன்றைக்கு அந்தத் தகட்டில் இருந்த நியூட்ரோபில்களே கொஞ்சம். அதிலும் பாதிக்கு மேல் லாடங்கள். செல்லுக்குள் வழக்கமாக மங்கிய இளஞ்சிவப்பில் இருக்கும் பொடிகள், கேழ்வரகு தூவியதுபோல் கருநீலமாகத் தடித்துக் கிடந்தன. ஓரத்தில் வெளிர்நீலத் திட்டு. அங்கங்கே ஓட்டை விழுந்ததுபோல் வெற்றிடங்கள். அவசரத்தில் பழுக்காமலே வெளியே தள்ளப்பட்ட செல்களின் அடையாளம் இது. களிம்பால் மட்டும் இறங்கிய எண்ணாக இருந்தால் இப்படித் தெரிவதில்லை.

ஆகவே ரிப்போர்ட் கையில் வந்ததும் மொத்த எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டைத் தேடுங்கள்: பேண்ட் எத்தனை சதவீதம், "டாக்ஸிக் கிரானுலேஷன்" (மேலே சொன்ன கருநீலப் பொடிகள்) என்று குறிப்பு இருக்கிறதா. மெஷின் ரிப்போர்ட் மட்டும் தந்திருந்தால், "ஸ்மியர் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பார்த்துச் சொல்வது எங்கள் கடமை.

படி 6: கிருமி நுழைந்தால் மஜ்ஜை பாதை மாறுகிறது

முதல் நாட்களில் காயத்தில் பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்றவை. அடுத்து வருவது சூடோமோனாஸ். ஈரம் இருக்கும் இடமெல்லாம் வாழும், காயத்தின் கட்டுத்துணியைப் பச்சையாக நனைக்கும், அழுகிய பழம்போல் இனித்த ஒரு வாடை. அசினெட்டோபேக்டர், கிளெப்சியெல்லா, பிந்திய வாரங்களில் காளான் வகைகளும் வரும். பூங்கொத்தையும் கழுவாத பழத்தையும் காய வார்டுக்குள் விடாததற்குக் காரணம் இதுதான். மலையிலிருந்து ஆரஞ்சு கொண்டுவந்த சொந்தக்காரரை வாசலிலேயே நிறுத்தினால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தீக்காயம் மட்டும் என்றால் மஜ்ஜை ஓரளவு சமாளிக்கிறது. தீக்காயத்தின் மேல் கிருமியும் சேரும்போது என்ன ஆகிறது என்பதை எலிகளில் விரிவாகப் பார்த்திருக்கிறார்கள். காயத்தோடு சூடோமோனாஸும் கொடுத்த எலிகளின் மஜ்ஜையில், படி 3-இல் சொன்ன அந்தப் பிரிவில் வண்டி ஒரே பக்கம் திரும்பிவிடுகிறது. மோனோசைட் பக்கம் போகும் இளஞ்செல்கள் பெருகுகின்றன, நியூட்ரோபில் பக்கம் போகிறவை குறைகின்றன. கிருமியைக் கொல்லும் படை எப்போது அதிகம் தேவையோ, அப்போது பார்த்து அதன் உற்பத்தி சுருங்குகிறது.

ஏன் திரும்புகிறது? மஜ்ஜைக்குள் நரம்புகள் ஓடுகின்றன, அவை நார்அட்ரினலினை அங்கேயே விடுகின்றன. பெரிய தீக்காயத்தில் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் பல மடங்கு ஏறி, வாரக்கணக்கில் இறங்காமல் நிற்கும். நார்அட்ரினலினை முன்கூட்டியே குறைத்து வைத்த எலிகளில் இந்த மோனோசைட் சாய்வும் குறைந்தது, பிழைத்த எலிகளும் கூடின. வலி, பயம், குளிர் எல்லாம் இதே ஹார்மோனைத்தான் ஏற்றுகின்றன. வலி மருந்தைத் தாராளமாகக் கேளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். "ஆம்பளை, தாங்கிப்பார்" என்று சொல்லும் மாமன் மச்சான்களை என்னால் பொறுக்க முடிவதில்லை.

மோனோசைட் அதிகமானால் நல்லதுதானே என்று கேட்கலாம். அப்படிப் பிறப்பவை முதலில் அழற்சியைக் கண்டபடி ஊதிவிடுகின்றன. பிறகு களைத்து, கிருமியின் துண்டை லிம்போசைட்டுக்கு எடுத்துக் காட்டும் வேலையைச் சரியாகச் செய்வதில்லை. அந்த வேலையில் கைதேர்ந்த டென்ட்ரிடிக் செல்லும் குறைகிறது. முதலில் மிதமிஞ்சிய கொதிப்பு, பின்னால் எதிர்ப்பே இல்லாத சோர்வு. இரண்டாம், மூன்றாம் வாரத்தில் ஒரு கிருமி போய் இன்னொன்று வருவது இதனால்தான்.

ஜி-சி.எஸ்.எஃப்-ஐ ஊசியாகப் போடலாமே என்ற கேள்வி நியாயமானது. புற்றுநோய் மருந்தால் அணு இறங்கியவர்களுக்கு அது அன்றாடச் சிகிச்சை. தீக்காயத்தில் வழக்கமான மருந்தாக அது இல்லை. இங்கே மஜ்ஜைக்குச் செய்யும் பெரிய உதவி, செத்த தோலைச் சீக்கிரம் அறுத்து எடுத்து, நல்ல தோலை ஒட்டுவது. செத்த தோல் இருக்கும்வரை தவறான அபாயச் செய்தி போய்க்கொண்டே இருக்கும், கிருமிக்கும் அதுவே சோறு. அறுவைக்குக் கையெழுத்துப் போட "நல்ல நாள் பார்த்து" என்று தள்ளாதீர்கள்.

படி 7: தட்டணுவும் ஹீமோகுளோபினும்

தட்டணு மூன்றாம் நாளை ஒட்டி இறங்கி, பிறகு ஏறி, இரண்டாம் வாரத்தில் வழக்கத்தைவிட அதிகமாகவே போகும். இறங்கியது ஏறாமலே கிடந்தால், அல்லது ஏறியது மறுபடி சரிந்தால், அது பெரிய எச்சரிக்கை.

ஹீமோகுளோபின் முதல் நாள் கூடுதலாகக் காட்டும். ரத்தத்தின் நீர் திசுவுக்குள் கசிந்து ரத்தம் கெட்டிப்படுவதால் அப்படி, உண்மையான ஏற்றம் இல்லை. டிரிப் ஏறியதும் இறங்கிவிடும். பிறகு வாரக்கணக்கில் குறைவாகவே நிற்கும். அறுவையில் ரத்தம் போகிறது, நாங்கள் தினம் எடுக்கும் ரத்தமும் சேர்கிறது, அழற்சியால் இரும்பு உடம்புக்குள் பூட்டப்படுகிறது, மஜ்ஜையின் சிவப்பு அணுக் கிளை எரித்ரோபாய்ட்டின் ஹார்மோனுக்குச் செவிசாய்ப்பதில்லை. "இரும்பு டானிக் வாங்கித் தரட்டுமா?" என்று கேட்பார்கள். டாக்டர் சொல்லாமல் வேண்டாம்.

படி 8: சாப்பாடு

நம் ஊரில் அதிகம் கெடுதல் நடப்பது இதில்தான். முட்டை கொடுத்தால் சீழ் வைக்கும், மீன் புண்ணைக் கிளறும், பருப்பு ஆகாது என்று பத்தியம் போட்டு, ரசம் சோறும் பன்னும் கொடுக்கிறார்கள். ஒரு நாளைக்கு 10,000 கோடி செல்லை உண்டாக்கும் இடத்துக்குச் சரக்கு எங்கிருந்து வரும்?

பெரிய தீக்காயத்தில் பெரியவருக்கு, எடை ஒரு கிலோவுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் புரதம் தேவை. 60 கிலோ ஆளுக்கு 90 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். முட்டை, கோழி, மீன், பால், தயிர், பருப்பு, சுண்டல், கடலை எல்லாம் சேர்ந்தாலும் எட்டுவது கடினம். அதனால்தான் மூக்கு வழியே குழாய் போட்டு ஊட்டுகிறார்கள். அதைக் கண்டு பயந்து பிடுங்கச் சொல்லாதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

நோட்டு வைத்திருந்த அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "என் மாமியா முட்டையே தொடக்கூடாதுன்னுட்டாங்க" என்றார். மறுநாள் மாமியாரையே லேபுக்குக் கூட்டிவந்துவிட்டார். நான் மைக்ராஸ்கோப்பில் அந்த லாடச் செல்லைக் காட்டி, "பழுக்காத பிஞ்சுங்கம்மா, பழுக்க வெக்கச் சத்து வேணும்" என்றேன். அவர் வெகுநேரம் லென்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாலையில் நாலு முட்டை அவித்துக்கொண்டு வந்தார்.

படி 9: உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டிய அறிகுறிகள்

காய்ச்சல் மட்டும் வந்தால் கிருமி என்று முடிவுகட்ட முடியாது. பெரிய தீக்காயத்தில் உடம்பின் சூடே கொஞ்சம் கூடுதலாக நிற்கும். கீழே உள்ளவற்றில் ஒன்றுக்கு மேல் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். அமெரிக்கத் தீக்காயச் சங்கம் 2007-இல் பெரியவர்களுக்கு வகுத்த அளவுகளை ஒட்டியவை இவை.

சூடு 39 டிகிரி செல்சியசுக்கு மேல், அல்லது 36.5-க்குக் கீழ். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 110-க்கு மேல். மூச்சு 25-க்கு மேல். மூன்று நாள் கழிந்தும் தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழ். சர்க்கரை நோய் இல்லாதவருக்கு 200-க்கு மேல் சர்க்கரை. ஒரு நாளுக்கு மேல் சாப்பாடு இறங்காமல் வயிறு உப்பியோ வயிற்றுப்போக்கோ இருப்பது. இவற்றோடு, நேற்று வரை பேசியவர் இன்று குழறினால், காயத்தின் நிறம் கறுத்தால், மணம் மாறினால் காலை ரவுண்டு வரும்வரை காத்திருக்காதீர்கள்.

நம் நோயாளிக்கு ஐந்தாம் நாள் தட்டணு 78,000, சர்க்கரை 240, ஒரு நாளுக்கு மேலாகச் சாப்பாடு இறங்கவில்லை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் சூடோமோனாஸ் வளர்ந்தது. ஆன்டிபயாடிக் மாற்றி, மறுநாளே தோலை அறுத்து எடுத்தார்கள். எட்டாம் நாள் வெள்ளை அணு 8,900, பதினோராம் நாள் 16,100. ஏறுகிறதே என்று அந்த அம்மா அழுதார். இந்த முறை நான் தயங்காமல் சொன்னேன், இது நல்ல ஏற்றம் என்று. ஸ்மியரில் மணி கோத்த உட்கருக்கள் திரும்பியிருந்தன, தட்டணு இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

படி 10: நோட்டை எப்படி எழுதுவது?

ஒரு நாளைக்கு ஒரு வரி. தேதி, காயம் பட்டு எத்தனையாவது நாள், வெள்ளை அணு, நியூட்ரோபில், பேண்ட், லிம்போசைட், தட்டணு, ஹீமோகுளோபின், சர்க்கரை, அதிகபட்சச் சூடு, எவ்வளவு சாப்பிட்டார், அன்றைக்கு அறுவையோ ரத்தம் ஏற்றியதோ களிம்பு மாற்றியதோ உண்டா. கூடுமானவரை ஒரே லேபில் கொடுங்கள். மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் வித்தியாசம் வரும். வேறு ஆஸ்பத்திரிக்கு, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வெளியூருக்கோ, மாற்றும்போது ஃபைலோடு இந்த நோட்டும் போகட்டும். புதிய டாக்டருக்கு ஐந்து நிமிடத்தில் முழுக் கதையும் விளங்கும்.

வீட்டுக்குப் போன பிறகும் நோட்டை மூடாதீர்கள். தையலும் ஒட்டுத்தோலும் ஆறிய பின்னும் மஜ்ஜை நிதானத்துக்கு வர நாளாகும். சளி, சிறுநீர்க் கடுப்பு, சின்ன கொப்புளம் எதையும் அலட்சியம் செய்ய வேண்டாம்.

நாற்பத்தோராம் நாள் அவர் தானே நடந்து லேபுக்கு வந்தார். கைகளில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். மனைவி நோட்டைப் பிரித்து ஹீமோகுளோபின் 9.6 என்று எழுதிவிட்டு, "இது மட்டும் இன்னும் ஏறலைங்களேண்ணா" என்றார். சிவப்பு அணுவின் ஆயுள் 120 நாள், அந்தக் கிளை மெதுவாகத்தான் துளிர்க்கும், அடுத்த மாதம் பார்ப்போம் என்றேன். அவர் அடுத்த பக்கத்தின் மேலே தேதியைப் போட்டு, எண்ணுக்கு இடம் விட்டுவைத்தார்.